மணிக்கட்டுக்குள் அரிசி

கனகலட்சுமிக்கு வலது கைப் பெருவிரலும் அடுத்த ரெண்டு விரலும் மரத்துப்போக ஆரம்பித்தது சித்திரை மாதம். சங்கரன்கோவில் மார்க்கெட்டில் பிச்சிப்பூ கட்டுகிறவளுக்கு அந்த விரல்கள் இல்லாமல் பிழைப்பு ஏது? நாரைப் பிடித்திருப்பதே தெரியாது. பூ நழுவி மடியில் கிடக்கும்.

“வருஷக்கணக்கா கட்டுத கை, நரம்பு அசந்துட்டு” என்றார்கள் எல்லோரும். டாக்டரும் அதையேதான் சொல்லி, மணிக்கட்டுக்குப் பட்டையும் மாத்திரையும் கொடுத்தார். ஐப்பசி வந்தும் குறையவில்லை. தலைவாரச் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கட்டும் முப்பிடாதியம்மாள், தன் பூவை முடித்துவிட்டு இவள் கூடையையும் இழுத்துக்கொள்வாள். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

டாக்டர் கைப்பயிற்சிக்கு அனுப்பிய இடத்தில் ஜெனிபா என்ற பிசியோதெரபிஸ்ட் இருந்தாள். ரெண்டு கையையும் மேஜைமேல் வைக்கச் சொல்லிப் பார்த்தாள்.

“ரெண்டு கையாலயும்தானக்கா கட்டுதீங்க? இது மட்டும் ஏன் இப்படிப் பொடச்சிருக்கு?”

மணிக்கட்டுக்கு மேலே அமுக்கினாள். உள்ளங்கையில் மேடு எழும்பியது. விட்டதும் அடங்கியது.

“இது வேலையால வந்த மாதிரி தெரியல. ஸ்கேன் பாக்காம பயிற்சி வேண்டாம்க்கா” என்றவள், அப்போதே டாக்டருக்குப் போன் போட்டாள்.

ஸ்கேனில் மணிக்கட்டுக்குள் வீக்கம் தெரிந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன். கை மட்டும் மரக்க ஊசி போட்டிருந்ததால் பேச்செல்லாம் காதில் விழுந்தது. “அரிசி மாதிரி இருக்கு பாருங்க” என்றது ஒரு குரல். தசைநாரைச் சுற்றிய உறைக்குள் வெள்ளை வெள்ளையாய்க் குருணை போலச் சேர்ந்து, நரம்பை நெரித்துக்கொண்டு இருந்திருக்கிறது. பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. இருமல் இல்லை, நெஞ்சில் ஒன்றும் இல்லை. மணிக்கட்டில் மட்டும் வந்து உட்கார்ந்திருந்தது.

டிபி என்று தெரிந்தால் பூவைத் தொட விடுவார்களா? நோயைவிட அந்தப் பயம்தான் அவளை அரித்தது. மறைக்க மனசு வராமல் முப்பிடாதியம்மாளிடம் சொல்லிவிட்டாள்.

“ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா?”

“ஆமா மதினி.”

“பெறவு என்னட்டி? ஒன் எடத்துல ஒருத்தியையும் உக்கார விடல. மாத்திரைய ஒழுங்கா முழுங்கு.”

மாதக்கணக்கில் முழுங்கினாள். ஒரு காலை அடுப்பிலிருந்து டம்ளரை எடுத்தவளுக்குச் சுரீரென்றது. உடனே ஜெனிபாவுக்குப் போன் போட்டாள்.

“வெரலு சுடுது தாயி!”

“ஐயோ, என்னக்கா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. சுடுதுன்னு தெரியுது. அன்னைக்கு நீ மட்டும் அமுக்கிப் பாக்கலன்னா…”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஜெனிபாவும் சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சுவது கேட்டது.