மேற்கே மழை இல்லை

பொய் சொன்னது நான்தான். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாளைக் கும்பிட்டுட்டு, அப்படியே பிளவக்கல் அணையப் பாத்துட்டுப் பொழுதடைய வந்துருவோம்" என்று என் கூட்டாளியின் அம்மாவிடம் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஒப்பித்தேன். நானும் அவளும் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த காலம். அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். "அதுக்கு முன்ன ஒரே ஒரு தடவை கடலைப் பாத்துரணும்ட்டி" என்று அவள் ஆறு மாதமாகப் புலம்பிக் கேட்டு என் காது புளித்துப் போயிருந்தது. எண்பத்தாறோ எண்பத்தேழோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டோம்.

திருநெல்வேலியில் பஸ் மாறி, திருச்செந்தூரையும் தாண்டி ஒரு சின்ன ஊரில் இறங்கினோம். கோயில் பக்கம் போனால் தெரிந்த முகம் எதிலாவது முட்டிக்கொள்வோம் என்று பயம். பனங்காட்டைத் தாண்டியதும் கடல். ஓயாமல் தொணதொணக்கிறவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றாள். பிறகு, "எம்புட்டுத் தண்ணி!" என்றாள். அதையே நாலு தடவை சொன்னாள்.

கரையிலிருந்து நூறு எட்டு தள்ளி ஈர மணலுக்கு அப்பால் ஒரு பெரிய பாறை கிடந்தது. நடந்தே போனோம், கணுக்கால்கூட நனையவில்லை. பாறைக் குழிகளில் நகத்தளவு மீன்கள், பக்கவாட்டில் ஓடும் நண்டுகள், வழுவழுவென்று பச்சைப் பாசி. அவள் ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்து, தூக்குச்சட்டியில் கொண்டுபோயிருந்த புளியோதரையை மீனுக்கெல்லாம் உதிர்த்துப் போட்டாள். நான் மல்லாக்கப் படுத்துவிட்டேன். அப்படி ஒரு காற்று!

"ஏட்டி, தண்ணி கிட்ட வந்த மாதிரி இல்ல?" என்றாள்.

நான் எழுந்து பார்த்தேன். தண்ணீரை இல்லை, மேற்கே வானத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரில் கண்மாய் ஏறவேண்டும் என்றால் மேற்கு மலையில் மழை பெய்யவேண்டும். வானம் வெளுத்துக் கிடந்தால் கண்மாய்க்குள்ளேயே பாயை விரித்துத் தூங்கலாம். எனக்குத் தெரிந்த தண்ணீர்ச் சாத்திரம் அம்புட்டுத்தான்.

"ஒரு துண்டு மேகம் இல்ல. மழை இல்லாம தண்ணி எங்கருந்து ஏறும்? பேசாம சோத்தைத் தின்னு."

செத்த நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். "போயிருவோமா? எனக்கு என்னமோ பண்ணுது." நான் சிரித்தேன். "கல்யாணப் பொண்ணுக்குப் பயத்தப் பாரு!" கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவள் நான். அவள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. அதனால் நான் சொன்னதை நம்பினாள். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

அலை ஒன்று பாறையின் மேலேறி தூக்குச்சட்டியை உருட்டிக்கொண்டு போனபோதுதான் கரைப் பக்கம் திரும்பினேன். நாங்கள் நடந்து வந்த மணலைக் காணோம். அந்த இடம் முழுக்கத் தண்ணீர் புரண்டு கொண்டிருந்தது. இங்கே செத்தால் யாருக்குத் தெரியும்? எங்களைப் பிளவக்கல் அணையில் அல்லவா தேடுவார்கள்!

"என் கையை விடாத, இடுப்பளவுதான் இருக்கும்" என்று அவளை இழுத்துக்கொண்டு இறங்கினேன். பாதித் தூரம் இடுப்பளவுதான். அப்புறம் முதுகுக்குப் பின்னால் ஓர் அலை வந்து காலை வாரிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் ஆளைத் தாங்கும், இழுக்காது. இது இழுத்தது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வீட்டில் பேசும் தெலுங்கில் கத்தினாள், விடாதே விடாதே என்று. எனக்கு மூச்சு முட்டியது, கண் இருட்டியது. சாகப் போகிறேன் என்று நினைத்தேன். அவளை நினைக்கவே இல்லை. என் கழுத்தில் இருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டுவிரல் வரவில்லை. அதைப் பின்பக்கமாக வளைத்தேன். விட்டுவிட்டாள்.

நான் கரைக்கு நீந்தி வந்து திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை. கத்தினேன், சத்தமே வரவில்லை. கொஞ்சம் தள்ளிப் பாசி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கூடையைப் போட்டுவிட்டு மார்பளவு தண்ணீரில் இறங்கிப் போய், சடையைப் பிடித்து அவளை இழுத்து வந்து மணலில் குப்புறப் போட்டாள். முதுகில் அடித்தாள். அவள் கக்கினாள். மூச்சு வந்தது.

"கடல் ஏறுத நேரத்துல பாறையில உக்காந்து சோறு திங்கியளோ? எந்த ஊருட்டி நீங்க?" என்று அந்தப் பெண் கத்தினாள்.

"மேக்க மழை இல்லையேன்னு..." என்றேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூடையை எடுக்கப் போய்விட்டாள்.

சேலை காயும்வரை பனை நிழலில் உட்கார்ந்திருந்தோம். பிறகு நாலரை மணி நேரம் பஸ். அவள் ஜன்னலோரம், மடியில் வீங்கிய விரல். நான் ஏதாவது பேசினால் 'ம்' என்றாள். கடலில் இருந்த பயம் ஒரு மாதிரி, இந்தப் பயம் வேறு மாதிரி. 'விட்டுட்டேல்ல?' என்று அவள் எப்போது கேட்பாளோ என்று ஊருக்கு ஊர் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சங்கரன்கோவில் தாண்டியும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வீட்டு வாசலில் நின்றோம். அவள் அம்மா முதலில் பார்த்தது விரலைத்தான்.

"வழுக்கி விழுந்துட்டேன்மா" என்றாள். என் பக்கம் பார்க்காமலே சொன்னாள், "இவதான் பிடிச்சா."

அந்தம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருப்பம்மா. நீ கூட இருக்கேங்கிற தைரியத்துலதான் இவள அனுப்பிச்சேன். கல்யாணம் வரைக்கும் எங்க போனாலும் நீயே கூடப் போ."

அந்தம்மாவின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையிலிருந்து இறங்கிய பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"இனிமே நான் எங்கயும் போகலம்மா" என்றாள்.