சுவரைத் தாண்டிய நிழல்

கடலூர் துறைமுகத்தருகே கலைஞர்கள் தங்கிப் பணிபுரியும் இரண்டு மாத ரெசிடென்சி. பழைய கிடங்குச் சுவரில் மீன்வலைகளின் நிழலையே ஓவியமாக விழவைப்பது என் திட்டம். சுவர் காலியாக இருக்கவேண்டுமென்று, அங்கே மீன் விற்ற மேரியக்காவைத் தள்ளிப் போகச் சொன்னேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஆறு வாரம் கழித்து, திறப்பு விழா அன்று மாலை, நிழல் சுவரில் விழவேயில்லை. முதல் வாரத்து வெயிலைப் பார்த்து, வலைகளைத் தொங்கவிடக் கம்பம் நட்டிருந்தேன். இப்போது வலையின் நிழல் சுவரைத் தாண்டி, மேரியக்கா மேலும் கூடை மேலும் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வெயிலு ஒரே எடத்துலயா நிக்கும்? நாங்க வாராவாரம் கூடைய நவுத்துறோம்ல," என்று சிரித்தார் அக்கா. "வா, நெழலுல ஒக்காரு."

உட்கார்ந்தேன். என் கையிலும் கட்டம் கட்டமாக வலை விழுந்தது. வந்தவர்கள் எங்களைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

அடுத்த வாரம் நிழல் இன்னும் நகர்ந்தது. நான் கம்பத்தைத் தொடவில்லை. அக்காவோடு சேர்ந்து கூடையை நகர்த்தினேன்.