தெலுங்கில் சொன்ன ரகசியம்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். சம்பங்கியின் வீட்டில் ஒன்றுதான் சொன்னார்கள். பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்பதை மறைத்தார்கள். மாப்பிள்ளை முத்துக்குமார் சாத்தூரிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவர். தேன்கனிக்கோட்டையில் இருந்த அண்ணன் வெங்கடப்பன் மாதாமாதம் மாத்திரை வாங்கிக் கொண்டுவந்து கொடுப்பான். பத்தொன்பது வருஷம் அவள் அதை ஒளித்து ஒளித்தே விழுங்கினாள். வலிப்பும் வரவில்லை, பொய்யும் வெளிவரவில்லை.

2006 ஆடியில், பிரஷர் என்று ஒரு டாக்டர் நீர் பிரியும் மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். வேறு மாத்திரை உண்டா என்று கேட்டபோது பக்கத்தில் புருஷன். இல்லை என்று தலையாட்டிவிட்டாள்.

மூன்றாவது வாரம் குமட்டல், தலைசுற்றல். பிறகு எல்லாமே குழம்பியது. இன்று செவ்வாயா, வெள்ளியா? சானமாவுக் காட்டுப் பக்கம் யானை வந்ததாகப் பக்கத்து வீட்டில் பேசியதைக் கேட்டுக் கதவைச் சாத்த ஓடினாள். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்துபோனாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். உப்புச்சத்து அதலபாதாளத்தில் கிடந்தது. குறைக்கச் சொன்னவரும் டாக்டர்தானே என்று முத்துக்குமார் சண்டைக்கே போனார். சாப்பாட்டு உப்பால் மட்டும் இப்படி இறங்காது, நீர் மாத்திரையோடு வலிப்பு மாத்திரை மாதிரி ஏதாவது சேர்ந்திருக்கலாம், உண்மை தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அப்படி ஒன்றும் கிடையாது என்று முத்துக்குமார் அடித்துச் சொன்னார்.

சொன்னால் வாழ்க்கை போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். சம்பங்கிக்கு அந்தக் குழப்பத்திலும் ஒரு வழி தோன்றியது. நர்ஸ் பாகலூர்க்காரி, தன்னைப் போலவே பிறந்த வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். முத்துக்குமாருக்கோ இத்தனை வருஷத்தில், சாப்பிட்டாயா என்று கேட்கும் ‘அன்னம் தின்னாவா’வுக்கு மேல் தெலுங்கு ஏறவில்லை. நர்ஸின் கையைப் பிடித்துத் தெலுங்கில் சொன்னாள்.

“அக்கா, கல்யாணத்துக்கு முந்தியிருந்தே வலிப்பு மாத்திரை சாப்பிடறேன். அவருக்குத் தெரியாது. சொல்லிடாதக்கா.”

நர்ஸ் முத்துக்குமாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. தெலுங்கு தெரியாத மனுஷன் ஏன் இப்படி நிற்கிறார் என்று சம்பங்கிக்கு விளங்கவில்லை. தன் வாயிலிருந்து வந்தது தமிழ் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

அவர் கட்டிலருகே வந்தார். கோபமா, அழுகையா என்று பிடிபடவில்லை.

“மாத்திரை பேரு வேணுமாம். எங்க வச்சிருக்க, சொல்லு. போய் எடுத்துட்டு வாரேன்.”

பத்தொன்பது வருஷமாக அவர் கண்ணில் படாமல் வைத்திருந்த இடம் சம்பங்கிக்கு ஞாபகம் வரவில்லை.