சுருளிராஜனின் ஹெட்போன்

வண்டி வந்து நின்றதும் சுருளிராஜன் பானெட்டைத் திறப்பதில்லை. பெட்ரோல் மூடியைத் திருகி மோந்து பார்ப்பார். "எங்கன போட்டது?" என்பார். பதில் பிடிக்காவிட்டால் டேங்கைக் காலி செய்த பிறகுதான் மறுபேச்சு. தேனியில், போடி சாலையில் இருக்கும் அவர் பட்டறைக்கு, இன்ஜின் சக்தியைக் கூட்டிக்கொள்ள வேகப் பைத்தியங்கள் மதுரையிலிருந்துகூட வருகிறார்கள்.

போன வாரம் கோம்பை ராக்கப்பன் காரில் வந்து ஒரு சின்னப் பெட்டியை நீட்டினான். "பிக்கிபேக்குண்ணே. மாட்டினாப் போதும்னாக."

"மாட்டலாம்ப்பா. சென்சார் சொல்றத நடுவுல மறிச்சு, இன்ஜின் கம்ப்யூட்டர்கிட்ட மாத்திச் சொல்லும். வேணாம்னா கழட்டிரலாம், வண்டி பழையபடி ஆயிரும். ஆனா பொய் சொல்லி எம்புட்டுத்தான் வேலை வாங்குறது? கம்ப்யூட்டருக்குள்ளயே போயி, எப்ப எம்புட்டுப் பெட்ரோலு, எப்பப் பொறின்னு சொல்ற மேப்ப மாத்தி எழுதினா எல்லாம் நம்ம சொன்னபடி கேக்கும். தப்பா எழுதினா பிஸ்டனு போயிரும்."

"நீங்க எழுதுறப்ப எனக்கென்னண்ணே பயம்?"

பயம் சுருளிராஜனுக்குத்தான். மேப்பை எழுதிய பிறகு மலையேற்றத்தில் வண்டியை விரட்டச் சொல்லி, இன்ஜினில் பொருத்திய மைக் வழியாக ஹெட்போனில் கேட்பார். பெட்ரோல் தாறுமாறாக வெடித்து உள்ளே 'நாக்கிங்' தட்டினால், பிஸ்டன் போகும் முன் மேப்பில் அளவைக் குறைக்க வேண்டும். இரண்டு மாதமாக அந்த மெல்லிய தட்டல் அவர் காதில் விழவில்லை. மனைவி உமாதேவியிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. பதினெட்டு வருடத்தில் சம்பாதித்த பெயர் அல்லவா, பாவம்.

கம்பம் மெட்டு ஏற்றத்தில் ராக்கப்பன் ஓட்டினான். பக்கத்தில் காதில் ஹெட்போனும் மடியில் லேப்டாப்புமாகச் சுருளிராஜன். வழக்கமில்லாத வழக்கமாக உமாதேவியும் பின்சீட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வளைவில், "சுத்தமா இருக்கு, மிதி" என்றார் அவர்.

"மிதிக்காதப்பா, கால எடு. தட்டுது" என்றாள் உமாதேவி. பட்டறைச் சத்தத்தோடே வாழ்ந்தவளுக்கு அது வெறுங்காதிலேயே கேட்டது.

வண்டி ஓரமாக நின்றது. உமாதேவி மெதுவாகச் சொன்னாள்: "குக்கர் விசில் அடிக்கிறது ஒங்களுக்குக் கேக்கலங்கிறது எனக்கு என்னைக்கோ தெரியும். நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன்."

சுருளிராஜன் லேப்டாப்பில் அளவைக் குறைத்தார். பிறகு ராக்கப்பன் பக்கம் திரும்பினார். "எனக்குக் காது மந்தமாயிருச்சுப்பா. இவ கேட்டுச் சொல்லுவா, நான் எழுதுறேன். சம்மதமா?"

ராக்கப்பன் சாவியைத் திருகினான்.

சுருளிராஜன் ஹெட்போனைக் கழற்றி, பின்சீட்டுப் பக்கம் சாய்ந்து, தோட்டில் சிக்காமல் பார்த்துப் பார்த்து அவள் காதில் மாட்டிவிட்டார்.