இரண்டாவது போத்தல்

அக்கரப்பத்தனைப் பக்கம் அந்தத் தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரிந்தவள் என்றால் அழகம்மாதான். எந்தக் கதவருகே நின்றால் நம்பர் முதலில் கிடைக்கும், எந்த மிஸ்ஸுக்குத் தமிழ் வரும், மருந்து ஜன்னலை எப்போது மூடுவார்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

லயத்து வரிசை வீடுகளில் பிரஷர் உள்ள பெண்கள் அரை டசன் பேராவது இருப்பார்கள். கிளினிக் நாளில் எல்லோரும் டவுனுக்குப் போனால் எல்லோருக்கும் அன்றைய பேர் போய்விடும். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் விழும் கணக்கு. கொழுந்து பொங்குகிற மாதத்தில் அதை யாரும் விட மாட்டார்கள். ஆகவே ஒருத்தி போவாள். மற்றவர்களின் கிளினிக் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு போய், 'அவங்களுக்கு வர முடியல மிஸ், குளுசைய மட்டும் குடுங்க' என்று கெஞ்சி வாங்கி வருவாள். அழகம்மாவுக்கும் பிரஷர் இருந்தது. புருஷன் செத்துப்போய், மகள் ஷாமிலாவை வலப்பனையில் கட்டிக்கொடுத்த பிறகு அவளுக்கு ஒற்றை வயிறு. ஒரு பேர் குறைந்தாலும் அடுப்பு அணைந்துவிடாது. அதனால் அந்த ஒருத்தி எப்போதும் அவளாகவே இருந்தாள்.

யாரும் பெரிதாக நன்றி சொன்னதில்லை. "அழகம்மா இருக்காள்ல, அவகிட்ட குடுத்துவிடு" என்பார்கள். அந்த ஒரு பேச்சில் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உயரம் கூடும்.

பக்கத்துக் காம்பராவில் அவளுடைய அண்ணன் பழனியாண்டியும் மதினி அம்மாக்கண்ணும் இருந்தார்கள். நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் ரொட்டி தட்டினால் அந்தப் பக்கம், "என்ன அழகு, மாவு கெட்டியாப் போச்சா?" என்று கேட்கும். அம்மாக்கண்ணுக்குப் பிரஷர் வந்து பல வருடம். மலையில் ஏறினால் பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் ஒதுங்க வேண்டும். தேயிலைக்குள் எங்கே ஒதுங்குவது? அவள் மட்டுமல்ல, எல்லாப் பெண்களும் அப்படித்தான்.

போன வருடம் கிளினிக்கில், அடுத்த முறை வரும்போது காலையில் முதலாவதாகப் போகிற சிறுநீரைச் சின்னப் போத்தலில் பிடித்துவரச் சொன்னார்கள். அழகம்மா கழுவிக் காயவைத்த பாணி மருந்துப் போத்தல் ஒன்றை முதல்நாளே மதினியிடம் கொடுத்தாள்.

"காலைல எந்திரிச்சதும் இதுல புடிச்சி வாசல்ல வைங்க மதினி. மறந்துறாதீங்க."

"ஆமா, பெரிய தீர்த்தம். வெச்சிர்றேன் போ."

மறுநாள் விடிகாலையில் அழகம்மா பஸ்ஸுக்குக் கிளம்பி மதினியின் வாசல் இஸ்தோப்பில் பார்த்தபோது போத்தல் காலியாக நின்றது. அம்மாக்கண்ணு வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போயிருந்தாள். கீழே ரோட்டில் பஸ் ஹோன் அடித்தது. அழகம்மா காலிப் போத்தலையும் மற்றவர்கள் தந்தவற்றோடு பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

கிளினிக்கில் போத்தல் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போத்தல் இல்லையென்றால் குளுசையும் இல்லை. அழகம்மா கக்கூசுக்குள் போய்த் தன்னுடைய போத்தலில் இருந்ததில் பாதியை அதில் ஊற்றினாள். பிறகு மூடியை இறுக்கி, சேலைத் தலைப்பில் துடைத்து, அம்மாக்கண்ணின் அட்டையோடு வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எல்லாருக்கும் ஒரே ரத்த அழுத்தம், ஒரே குளுசை; இது மட்டும் வேறாகவா இருந்துவிடப் போகிறது?

அன்று பொழுது சாய்ந்து மதினி கூடையை இறக்கியபோது அழகம்மா குளுசை போட்ட காகிதப் பக்கெட்டை நீட்டினாள்.

"என்னமோ ஒண்ணுக்கு பாக்கணும்னாங்களே, நான் வெக்கவே மறந்துட்டேன்டி. ஏசினாங்களா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மதினி வாயில் கைவைத்துச் சிரித்திருப்பாள், லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாள். ஆனால் 'அழகம்மாவாலும் முடியவில்லை' என்று ஆகிவிடும். அவள், "அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன். எல்லாம் சுத்தமா இருக்காம். ஒரு குத்தமும் இல்லையாம்" என்றாள்.

எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று அம்மாக்கண்ணு கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஏதோ செய்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டாள். "அப்ப நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று குளுசைப் பக்கெட்டை ஜன்னல் மேல் வைத்தாள். அதற்குப் பிறகு தினமும் போட்டதை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்தாள். குளுசை போட்டால் மலையில் தலை சுற்றுகிறது என்று மாதக்கணக்கில் நிறுத்தியும் வைத்தாள். ஜன்னலில் பக்கெட்டுகள் சேர்வதை அழகம்மா பார்த்தாள். 'போடுங்க மதினி' என்று சொல்லவும் செய்தாள். "சுத்தமா இருக்குன்னு நீதானடி சொன்ன" என்றால் அதற்கு மேல் பேச அவளுக்கு வாய் வராது.

இந்த வருடம் தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்தபோது காய்ச்சலும் வந்தது. வைரஸ் காய்ச்சல், தானாகப் போய்விடும், பெனடோல் போட்டுத் தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் சொன்னார்கள். அது காம்பரா காம்பராவாகப் போனது. காய்ச்சல் போனாலும் மூட்டு வலி போகவில்லை. அம்மாக்கண்ணு சந்தியில் ரிஸ்வி நாநாவின் கடைக்குப் போய் நோவுக் குளுசை வாங்கினாள். காலையில் ஒன்று, மலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. அழகம்மாவும் அதே குளுசையைத்தான் முழுங்கினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மாக்கண்ணுக்கு முதலில் கால் வீங்கியது, பிறகு முகம். ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாந்தியெடுத்து உட்கார்ந்துவிட்டாள். டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்றார்கள். மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தப்படுத்தினார்கள்.

மகன் வினோஜன் கொழும்பில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தான். வார்டு டொக்டர் சிங்களப் பெண், சின்ன வயது. அவர் சொல்வதை அவன்தான் தமிழில் சொல்வான்.

"போன வருஷம் அம்மாட ஒண்ணுக்குல ஒரு பிழையும் இல்லையாம். ரிப்போட் இருக்காம். அதனால இது பழைய வருத்தம் இல்ல. காய்ச்சலோட சேந்து அந்த நோவுக் குளுசைதான் கிட்னிய அடிச்சிருக்கு. இப்படித் திடீர்னு வந்தது பலபேருக்குத் திரும்பி வந்துருமாம். மிஷினுக்காகக் கையில செய்ற ஒப்பரேஷன் இப்ப வேணாம், பொறுத்துப் பாப்போம்ங்கிறாங்க."

பழனியாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். அழகம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கையிலிருந்த பிளாஸ்க்கின் மூடியை மறுபடியும் மறுபடியும் இறுக்கினாள்.

அன்று திரும்பும் வழியில் பழனியாண்டி ரிஸ்வியின் கடை முன்னால் நின்று கத்தினார். "மனுசன கொல்ற குளுசையாடா விக்கிற? பொலிசுக்குப் போறேன் பாரு!" ரிஸ்வி நாநா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார். மறுநாளிலிருந்து லயத்தார் அந்தக் கடையில் சாமான் வாங்குவதை நிறுத்தினார்கள். அழகம்மா சீனி இல்லாமல் தேத்தண்ணி குடித்தாள். அந்தக் கடைக்குப் போகவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழகம்மா தனக்குத்தானே வாதாடினாள். டொக்டருக்குத் தெரியாததா? எத்தனை மிஷின் வைத்திருக்கிறார்கள். நான் சொன்னால்தானா? பிறகு மறுபடியும் அந்தக் கக்கூஸும், மூடியை இறுக்கிய தன் விரல்களும், வந்த சிரிப்பும் நினைவுக்கு வரும். மதினியின் உயிரைப் பற்றி டொக்டர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கின் முதல் வரியில் இருப்பது அவளுடைய மூத்திரம்.

அடுத்த தடவை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மாக்கண்ணு எழுந்து உட்கார்ந்திருந்தாள். டொக்டர் கட்டிலருகே நின்று, கிட்னி இன்னும் திரும்பவில்லையே என்று ரிப்போர்ட்டைப் புரட்டினார். வினோஜனிடம் ஏதோ கேட்டார்.

"போன வருஷம் நல்லா இருந்தது நிச்சயமான்னு கேக்குறாங்கப்பா."

"ரிப்போட் இருக்குதான? நிச்சயம்னு சொல்லு" என்றார் பழனியாண்டி.

அழகம்மா முன்னால் வந்தாள். "ஏக மகே, மிஸ்" என்றாள். 'அது என்னுடையது.' அவளுக்கு அந்த அளவு சிங்களம்தான் அப்போது வாயில் வந்தது. டொக்டருக்கு விளங்கவில்லை. வினோஜன் திரும்பினான்.

"என்னா அத்தை?"

"சொல்லுய்யா அவங்ககிட்ட. போன வருஷம் குடுத்தது ஒங்கம்மாட இல்ல. ரெண்டு போத்தல்லயும் என்னோடதுதான். நான்தான் ஊத்திக் குடுத்தேன்."

அவன் அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றான். டொக்டர் அவன் தோளைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிங்களத்தில் சொன்னான். சிறிய வாக்கியம்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபைலில் ஒரு வரியைக் குறுக்கே வெட்டிவிட்டு, இன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லிப் போனார்.

பழனியாண்டிக்குக் கோபம்கூட வரவில்லை. "ஏன்டி?" என்றார். அழகம்மா பஸ், கியூ, குளுசை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள்.

அம்மாக்கண்ணு போர்வையின் ஓரத்தைச் சுருட்டினாள்.

"ஊத்துனது கூடப் பரவால்ல அழகு. அன்னைக்கி ராவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் குளுசைய விட்டுருக்க மாட்டேனே."

அழகம்மா பிளாஸ்க்கைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஸ்கேனில் கிட்னி இரண்டும் சுருங்கியிருந்தன. பிரஷர் பல வருடமாகத் தின்றிருக்கிறது. காய்ச்சலும் நோவுக் குளுசையும் மிச்சத்தை முடித்துவிட்டன. போன வருடமே சிறுநீரில் தெரிந்திருக்கும், மருந்தைக் கூட்டி இன்னும் சில காலம் ஓட்டியிருக்கலாம் என்றார் டொக்டர். வினோஜன் இதை அப்பாவிடம்தான் சொன்னான். அத்தை பக்கத்தில்தான் நின்றாள். கிட்னி இனித் திரும்பாது. மிஷினில் ஏற்ற வசதியாகக் கையில் ஒப்பரேஷன் செய்தார்கள்.

அழகம்மா ரிஸ்வியின் கடைக்குப் போனாள். கடையில் வேறு யாரும் இல்லை.

"நாநா, தப்பு ஒங்கமேல மட்டும் இல்ல. எம்மேலயும் இருக்கு. லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

ரிஸ்வி பின்னால் இருந்த அலுமாரியைக் காட்டினார். குளுசை டப்பாக்கள் இருந்த தட்டு காலியாக இருந்தது. "நீங்க சொல்லிட்டீங்கன்னு நான் நல்லவனாயிருவேனா? பிரஷர் இருக்கான்னு ஒரு வார்த்த கேக்காமக் குடுத்தது நான்தானே." பிறகு, "சீனி வேணுமா?" என்றார்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முன்பு பெண்கள் வழக்கம்போல அட்டைகளைக் கொண்டுவந்தார்கள். அழகம்மா கையை நீட்டவில்லை.

"பிரஷர் பாக்க அவங்கவங்க கைய அவங்கவங்களே கொண்டு போங்க."

"அப்ப பேரு போகுமே, நீயா தருவ?"

"போகட்டும்."

"ஒருத்திய கெடுத்துட்டு இப்ப எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துட்டா" என்று ஒருத்தி இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை உதறிக்கொண்டே போனாள். சொன்னவள் பொய் சொல்லவில்லை.

வினோஜன் கொழும்புக்குத் திரும்பவில்லை. டவுனிலேயே ஒரு கடையில் சேர்ந்துகொண்டான். மிஷின் நாட்களில் அவனுக்கு லீவு கிடைக்காது. அம்மாக்கண்ணோடு அழகம்மாதான் போக வேண்டும், வேறு ஆளில்லை. பேர் போகிறது. வினோஜன் அவளிடம் பேசுவதில்லை. பஸ் நிலையத்தில் வந்து அம்மாவை மட்டும் கைபிடித்து இறக்குவான்.

போன வாரம் மறுபடியும் போத்தல் கேட்டிருந்தார்கள். விடிகாலையில் அழகம்மா இஸ்தோப்பில் காத்து நின்றாள். அம்மாக்கண்ணு மெதுவாக வெளியே வந்தாள். ஒப்பரேஷன் செய்த இடது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வலது கையில் ஷொப்பிங் பேக்கில் சுற்றிய போத்தல்.

"இந்தா, புடி. எனக்கு ரெண்டு கையில்ல."

அழகம்மா வாங்கினாள்.

"என்னோடதுதான்" என்றாள் மதினி. "சூடு இருக்கு பாரு."

சூடு இருந்தது. கீழே பஸ் ஹோன் அடித்தது. மதினியால் ஓட முடியாது. அந்த பஸ் போகட்டும் என்று இரண்டு பேரும் மெல்ல இறங்கினார்கள். அடுத்த பஸ் வந்து ஏறும்வரை அழகம்மா போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அது ஆறிவிட்டிருந்தது.