இறக்கலாம் என்று நான் சொன்ன மணல்

போன சனிக்கிழமை பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டிலிருந்து மூணாறுக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. அலைத்தடுப்புச் சுவர் கட்டும் வேலையில் என்னோடு இருந்த கிரேன் ஓட்டுநர் செல்வராஜ் வேலையிடத்திலேயே இறந்துபோனார். அவர் மனைவியிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

காலை 5.50க்குப் பொள்ளாச்சி வண்டி. பிறகு உடுமலை. அங்கே 7.45க்கு மூணாறு பேருந்து. 85 கிலோமீட்டர், மூன்றே முக்கால் மணி நேரம். சின்னாறு தாண்டி யானை நிற்கிறது என்று வண்டியே எழுந்து நின்றது. நான் எழவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் வயலுக்குள் டிராக்டரை இறக்குமுன் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்ப்போம். கால் புதையாவிட்டால் இறக்கலாம். மண் பரிசோதகன் என்று சம்பளம் வாங்கிய நான் கடற்கரையிலும் அதையே செய்தேன். நீர் வற்றியிருந்த நேரம், மணல் கல்லாக இருந்தது. மணலுக்குள் நீரழுத்தம் காட்டும் கருவியைப் பார்க்காமலே, கிரேனை “இறக்குங்க” என்றேன். மதியம் கடல் ஏறியது. அலை அடிக்க அடிக்க அந்த அழுத்தம் கூடும், மணல் துகள்கள் ஒன்றையொன்று விட்டுவிடும், தரை கூழாகிவிடும். இதைப் படித்துத் தேர்வு எழுதியவன்தான் நான். கிரேன் சாய்ந்து செல்வராஜோடு கடலுக்குள் போனது. அவர் குடித்திருந்தார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். விசாரணையில் என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நான் பேசவே இல்லை.

மூணாறிலிருந்து ஜீப், 14 கிலோமீட்டர், ஆளுக்கு அறுபது ரூபாய். செல்வராஜின் பெயரைச் சொன்னதும் ஜீப் ஓட்டுநர், “குடிச்சிட்டு கிரேன கடலுக்குள்ள விட்டாரே, அவரு வீடாண்ணே?” என்று கேட்டார். அப்போதும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செல்வராஜின் மனைவி மரியபுஷ்பம் பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டுச் சாப்பிட லயத்து வீட்டுக்கு வந்திருந்தார். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னேன்.

“அவரு குடிக்கலைங்க. தப்பு என்னோடதுங்க. மண்ணு நிக்கும், இறக்குங்கன்னு நான்தானுங்க சொன்னேன்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“எட்டு மாசமா ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கல்லறையில நின்னு அவரத்தான் ஏசுனேன் சார். பிள்ளைகள நெனைக்காம குடிச்சிட்டுப் போயிட்டியேன்னு. ஒரு மெழுகுதிரிகூட ஏத்தல. இப்ப நான் யாருகிட்டப் போயி மன்னிப்பு கேக்க?”

 

திரும்புவதற்கு மூணாறில் 3.30 வண்டியைப் பிடியுங்கள். மறையூர்ப் பக்கம் மழை பெய்தால் தாமதமாகும், குடை அவசியம். என்னைப்போல் யாரிடமாவது எதையாவது சொல்லப் போக வேண்டியவர்களுக்கு ஒரு தகவல்: இந்த வழியில் பேருந்து தினமும் ஓடுகிறது. எட்டு மாதமாய் நான்தான் ஏறவில்லை.