கரும்பலகையில் எரிந்த பல்பு

வாத்தியார் இரண்டு பேட்டரிக் கம்பி முனைகளையும் என் நாக்கில் அருகருகே வைத்தபோது, புளிப்பும் துருவும் கலந்த ஒரு ருசி சுள்ளென்று ஏறியது. அதுதான் "கரண்டு" என்றார். அவர் கப்பலேறி வந்த யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்து ஊரான கிளேபாங்கிலிருந்து சைக்கிளில் வருவார். ஒரு பலகைத் துண்டில் டார்ச் பல்பையும் கம்பியையும் பொருத்தி, சொந்தமாக வாங்கிய இரண்டு பேட்டரிகளோடு கொண்டுவந்திருந்தார்.

அது வெள்ளைக்காரர்கள் ஆண்டபோது போட்ட அவசரகாலம். எங்கள் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே. அரிசி, மருந்து, பேட்டரி எதுவும் காட்டில் ஒளிந்திருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக்கூடாதென்று, வெளியே போகிறவர்களை "கேட்"டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். உள்ளே வருகிறவர்களை யாரும் தொடுவதில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்ப் பல்பை எரியவைத்தார்கள். என் முறை வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. "என்ன பிள்ளை, பல்பு கடிக்குமே?" என்று வாத்தியார் கேட்க, வகுப்பே சிரித்தது, நான் இன்னும் குனிந்துகொண்டேன்.

ஆனால் ஆசை விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை யாரும் பார்க்காதபோது பேட்டரிகளை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டில் அப்பாவின் பழைய டார்ச்சிலிருந்த பல்பை வைத்து இரண்டு நாளும் முயன்றேன், எரியவில்லை. அது ஃபியூஸ் போன பல்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மற்றவர்கள் வருமுன் திரும்ப வைத்துவிடலாம் என்று கிளம்பியவளுக்கு, கேட்டில் சோதனை உண்டு என்பதே மறந்துபோயிற்று.

சோதனை போடும் வள்ளியக்கா என் பைக்குள் கைவிட்டாள். "அடியே, என்னாடி இது? யாரு குடுத்தா? வாயத் தொறந்து சொல்லுலா!"

பின்னால் நின்ற ஒருத்தி, "ஐயோ, இவ அப்பனையில்ல புடிச்சிட்டுப் போயிருவாங்க" என்றாள்.

"வாத்தியாரு குடுத்தாரா?"

நான் தலையாட்டினேன். பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது.

வாத்தியாரை அழைத்துவந்து போலீஸ்காரர் கேட்டார். வாத்தியார் என்னை ஒருமுறை பார்த்தார். "ஓம், நான்தான் குடுத்தனான். பிள்ளையை விடுங்கோ" என்றார். அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு எந்தச் சாமானும் கொண்டுவரவில்லை. பேட்டரி, கம்பி, பல்பு எல்லாம் கரும்பலகையில்தான். பல்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, "இப்ப எரியுது" என்பார். குரலில் பழைய உற்சாகம் இல்லை. அடுத்த வருஷம் அவர் வேறெங்கோ போய்விட்டார்.

வேலியும் லயங்களும் இருந்த இடம் இன்று வீடமைப்புப் பகுதி. குருபோங்கில் படிக்கும் என் மகளின் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை இருக்கிறது. திரையில் கிரகங்கள் சுற்றுகின்றனவாம். போன வாரம் பல்பு எப்படி எரிகிறது என்று கேட்டாள். நான் பென்சிலால் வரைந்து, சுற்றிலும் கோடுகள் போட்டுக் காட்டினேன்.

"நீங்க செஞ்சு பாத்திருக்கீங்களாம்மா?"

"இல்லம்மா. எங்க வாத்தியாரு வரஞ்சுதான் காட்டுனாரு."